கல்லைப் பாத்துட்டு திரும்பிடாதீங்க

வணக்கம் சார்,

பாஸ்டன்ல மகன் வீட்டுக்கு வந்திருக்கேன். போன ஞாயித்துக்கிழமை பிளிமத்துக்குக் கூட்டிட்டு போனான், கடலோரமா சின்ன பார்க். மண்டபம் மாதிரி தூணெல்லாம் வெச்சு கட்டியிருக்காங்க, எட்டிப் பாத்தா பள்ளத்துல ஒரு கல்லு, 1620ன்னு வெட்டியிருக்கு, அவ்ளோதான். பேரன் "இவ்ளோதானா பாட்டி"ன்னுட்டான். இதுக்கா இத்தன பேரு? நான் எதையாவது பாக்காம விட்டுட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

பேரன் சொன்னது சரிதான், பிளிமத் ராக்ங்கற அந்தக் கல்லு சின்னதுதான். 1620ல இங்கிலாந்துலேர்ந்து இங்க குடியேற மேஃப்ளவர் கப்பல்ல வந்த 102 பேர்ல ஒருத்தர்கூட இந்தக் கல்லு மேல கால் வெச்சு எறங்கினோம்னு எழுதி வெக்கல. 1741ல அங்க படகுத்துறை கட்டப் போறாங்கன்னதும் தாமஸ் ஃபான்ஸ்னு 94 வயசுப் பெரியவர் ஒருத்தர், அவங்க எறங்கினது இந்தக் கல்லு மேலதான்னு சொன்னார், அதுலேர்ந்துதான் இதுக்கு இந்தப் பெருமை. 1774ல மாட்டப் பூட்டி ஊருக்குள்ள கொண்டுபோகப் பாத்தப்ப ரெண்டா பொளந்துடுச்சு, மேல் பாதிய மட்டும் இழுத்துட்டு போனாங்க, 1834ல எடம் மாத்தறப்ப அதுவும் விழுந்து ஒடஞ்சுது, நடுவுல வந்தவன் போனவனெல்லாம் ஞாபகத்துக்குன்னு சில்லு சில்லா பேத்துட்டு போனான், 1880லதான் திரும்ப கடலோரத்துக்கே கொண்டுவந்து அடிப்பாதியோட சேத்து 1620ன்னு செதுக்கினாங்க. நீங்க பாத்தது அதுல மிஞ்சினது.

ஆனா நீங்க விட்டது வேற. ரோட்டுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு இருந்துதே, கோல்ஸ் ஹில், அதுல ஏறினீங்களா? கடிதத்துல அதப்பத்தி ஒண்ணுமே இல்ல, அதான் கேக்கறேன். வந்தவங்கள்ல பாதிப்பேர் மொத குளிர்காலத்துலயே போய்ச் சேந்துட்டாங்க, அவங்கள அந்த மேட்டுலதான் பொதச்சாங்க. பின்னாடி கெடச்ச எலும்பெல்லாம் அங்க ஒரு கல்பெட்டிக்குள்ள இருக்கு.

அதே மேட்டுல கடலப் பாத்து ஒரு செலை நிக்குது. மாசசோய்ட், அந்தப் பகுதியோட பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோட தலைவர். இங்கதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். ஏன்னா அந்த எடம் ஒண்ணும் ஆளில்லாத காடு இல்லம்மா, பட்டுக்ஸெட்ங்கற வாம்பனோவாக் ஊரு. 1616லேர்ந்து 1619க்குள்ள வந்த கொள்ளைநோய்ல ஊரே காலி. வந்தவங்களுக்கு நெலம் ஏற்கனவே திருத்தி வெச்சிருந்த மாதிரி கெடச்சுது. அந்த ஊர்க்காரர் டிஸ்குவாண்டம்ங்கறவர 1614லயே ஒரு ஆங்கிலேயக் கேப்டன் பிடிச்சுட்டுப் போய் ஸ்பெயின்ல வித்துட்டான், அவர் எப்படியோ தப்பிச்சு லண்டன் வழியா 1619ல ஊர் திரும்பினா சனமே இல்ல. அந்த மனுஷன்தான் வந்தவங்களுக்கு மீன ஒரமா போட்டு சோளம் போடறதுக்கு சொல்லிக் குடுத்தார். இத நெனச்சா எனக்கு இன்னும் தொண்ட அடைக்குது.

மாசசோய்ட் 1621ல அவங்களோட ஒப்பந்தம் போட்டார், உயிரோட இருந்த வரைக்கும் காப்பாத்தினார். அவர் மகன் மெட்டாகொமெட் 1676ல ஆங்கிலேயக் குடியேறிகளோட நடந்த போர்ல செத்ததும் தலைய வெட்டி இதே பிளிமத்துல கம்பத்துல சொருகி வெச்சாங்க, இருபது வருஷத்துக்கும் மேல அது அங்கயே இருந்துது. இந்த ஊர்லதான் அப்பனுக்கு செலை, அதுவும் 1921லதான்.

செலை பக்கத்துல 1998ல வெச்ச ஒரு பலகை இருக்கு, அதக் கட்டாயம் படிங்க. 1970ல, கப்பல் வந்த 350வது வருஷ விருந்துக்கு வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ்ங்கற வாம்பனோவாக்காரரப் பேசக் கூப்பிட்டாங்க, பேச்ச முன்கூட்டியே வாங்கிப் பாத்துட்டு இத பேசக்கூடாதுன்னுட்டாங்க. அவர் விருந்துக்கே போகல, அந்த வருஷ தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவுல நவம்பர்ல கொண்டாடற நன்றி சொல்ற பண்டிகை) அன்னிக்கு இந்த மேட்டுக்கு வந்து தன் சனத்தோட நின்னு பேசினார். அதுலேர்ந்து வருஷா வருஷம் அந்த நாள துக்க நாளா அனுசரிக்கறாங்க.

நவம்பர் வரைக்கும் அங்க இருப்பீங்கன்னா நாலாவது வியாழக்கெழமை, அதான் தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு, மத்தியானம் 12 மணிக்கு அந்தப் படி ஏறிப் போங்கம்மா, பேரனையும் கூட்டிட்டு. குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.