வெள்ளிக்கு வருத்தம், வெண்கலத்துக்குச் சிரிப்பு

கேள்வி: எனக்கு 45 வயது. வீடு, குடும்பம், பதவி உயர்வு எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் என்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பர் இன்று எனக்கே மேலதிகாரி. அதை நினைத்தால் எதுவும் ருசிக்கவில்லை. வாழ்க்கையில் ஜெயித்தும் ஏன் இப்படி?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைப் பற்றி நாலு வரி. மீதி ஒன்றரைப் பக்கமும் அவரைப் பற்றி. அவர் கார் என்ன நிறம் என்பது வரை! பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் வீடியோக்களை உளவியலாளர்கள் சிலர் மாணவர்களிடம் போட்டுக் காட்டி, யார் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டாவதாக வந்தவர்களைவிட மூன்றாவதாக வந்தவர்களுக்குத்தான் அதிக மதிப்பெண். வெள்ளி வாங்கியவர் ‘தங்கம் போச்சே’ என்று மேலே பார்க்கிறார். வெண்கலம் வாங்கியவரோ, மேடையே ஏறாமல் போன நாலாவது ஆளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். உங்கள் கழுத்திலும் பதக்கம் தொங்குகிறது சார், கண்தான் அடுத்தவர் கழுத்தில்.

‘ஒப்பிடாதே’ என்று உபதேசம் பண்ண மாட்டேன். அது யாராலும் முடியாது, என்னாலும்தான். பத்து வருடத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இந்தப் பதவிக்கு அன்றைக்கு ஏங்கியிருப்பீர்களா இல்லையா?

இன்னொன்று. ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு, சில நூறு ஆண்களின் வாழ்க்கையை இளமையிலிருந்து முதுமைவரை தொடர்ந்து கவனித்தது. 50 வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். அதைக் கணிக்கக் கொலஸ்ட்ரால் அளவுகூட இந்த அளவுக்கு உதவவில்லை. உங்களுக்கு ஐம்பதாக இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதனால்தான் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: ‘அவர் பதவிக்கு வந்ததிலிருந்து ஆபீஸ் விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.’ பேசுவதில்லை என்பது அவரா, நீங்களா? நீங்கள்தான் என்றால் ஒரு நாள் வேலை முடிந்ததும் அவர் அறைக் கதவைத் தட்டுங்கள். ஃபைல் எதுவும் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: பெரிய லாட்டரி அடித்தால் மகிழ்ச்சி நிலைக்குமா? (சீட்டு வாங்கியாகிவிட்டது.)

பதில்: 1978இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரிசு வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசமில்லை. நண்பரோடு அரட்டை, ஒரு நல்ல ஜோக் மாதிரி சின்னச் சின்ன விஷயங்களில் மட்டும் வென்றவர்களுக்கு ருசி குறைந்திருந்தது. வெறும் 22 பேர்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். உங்களுக்கு அடித்தால் எழுதுங்கள், 23 ஆக்கிவிடலாம்.