போருக்குப் போகுமுன் யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: எதிரியின் ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது நாடாளுமன்றத்தைக் கூட்டி, பேசி, ஓட்டெடுத்து... நடக்கிற காரியமா? போர் முடிவை அரசிடமே விட்டுவிடலாமே?

பதில்: ஏவுகணை வரும்போது யாரும் ஓட்டெடுக்கச் சொல்லவில்லை. அடி விழுந்தால் தடுத்துக்கொள்ள அனுமதி எதற்கு? நாமாகப் படையைக் கிளப்பிக்கொண்டு இன்னொரு நாட்டுக்குள் போவதுதான் இங்கே பேச்சு. அதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கிறது, கப்பல் கப்பலாகத் தளவாடம் போகிறது, எம்.பி.க்களைக் கேட்க மட்டும் நேரமில்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

ஆனால் ஓட்டெடுப்பு எப்போது நடக்கிறது என்பது முக்கியம். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2003 மார்ச் 18 இரவு இராக் போருக்கு ஓட்டெடுத்தார்கள். 412-க்கு 149, போருக்குச் சம்மதம். அன்று பிரிட்டிஷ் வீரர்கள் ஏற்கெனவே குவைத்தில் எல்லையோரம் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டே நாளில் போர். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்பவர், களத்தில் நிற்கும் பிள்ளைகளைக் கைவிட்டவர் என்ற பேச்சைச் சுமக்க வேண்டும். காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அதே சபை 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது தாக்குதல் நடத்தலாமா என்ற விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. அந்தச் சபையில் எம்.பி.க்கள் எழுந்து, ஆமாம் என்பவர்கள் ஒரு கூடத்துக்கும் இல்லை என்பவர்கள் இன்னொரு கூடத்துக்கும் நடந்து போக வேண்டும், தலையை எண்ணுவார்கள். எண்ணி முடித்தபோது ஆதரவு 272, எதிர்ப்பு 285. பிரதமர் டேவிட் கேமரூன் அங்கேயே எழுந்து, சபையின் விருப்பம் புரிகிறது, அதன்படியே அரசு நடக்கும் என்றார். வெறும் 13 ஓட்டு, ஒரு தாக்குதலே நின்றது! இது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, அந்த வழக்கம் நிலைத்ததா? இல்லை. 2018-ல் அப்போதைய பிரதமர் தெரசா மே ஓட்டெடுக்காமலே சிரியா மீதான தாக்குதலில் விமானங்களை ஈடுபடுத்தினார், சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அதனால்தான் இது சட்டமாக எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

ஜெர்மனியில் எழுதியே வைத்திருக்கிறார்கள், 2005-ல் வந்த சட்டம். எத்தனை வீரர்கள், எந்தப் பகுதி, எவ்வளவு காலம், என்ன செலவு, எல்லாவற்றையும் அரசு முன்கூட்டியே சொல்லி நாடாளுமன்றத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்கள் கேட்ட அவசரத்துக்கும் அதில் வழி உண்டு: முதலில் படையை அனுப்பலாம், அப்புறம் தாமதிக்காமல் ஒப்புதல் கேட்க வேண்டும், மறுத்தால் படை திரும்பியாக வேண்டும்.