வி8 போட்ட எம்ஜி பி: வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், கவென்ட்ரியில் இருக்கிறேன். 1972ஆம் வருட எம்ஜி பி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பழைய 1800 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு ரோவர் கம்பெனியின் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) போட்டிருக்கிறார்கள். விற்பவர் 14,000 பவுண்ட் சொல்கிறார். எதையும் மாற்றாத இன்னொரு ஜிடி 8,000-க்குக் கிடைக்கிறது. அதை வாங்கி நானே வி8 போட்டுக்கொண்டால் மிச்சமாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. எஞ்சினோடு செலவு முடியாது. கியர்பாக்ஸ், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பின் ஆக்ஸில், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து நிற்கும். அந்தக் காசையெல்லாம் இன்னொருவர் கரைத்துவிட்டு விற்கிறார் என்றால் லாபம் வாங்குகிறவருக்கு. வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 3528 சிசி வி8, அமெரிக்க பியூயிக்கிடமிருந்து ரோவர் வாங்கிய டிசைன். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால், பழைய இரும்பு எஞ்சினைவிட எடை பெரிதாகக் கூடாது, வண்டியின் மூக்கும் கனக்காது. (1967-ல் கனமான ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த எம்ஜி சி-யை மூக்குக் கனத்துக்காகவே கிழித்தார்கள்.) கென் காஸ்டெல்லோ என்பவர் எம்ஜி பி-யில் வி8 போட்டு விற்க ஆரம்பித்த பிறகு, 1973-ல் எம்ஜி கம்பெனியே ஜிடி வி8 கொண்டுவந்தது. 2,591 கார் செய்து 1976-ல் நிறுத்திவிட்டது.

காரைப் பார்க்கப் போனதும் முதலில் பானெட்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ஆறின பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயிலைக் காலத்தில் மாற்றாத ரோவர் வி8-ல் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேய்ந்துபோகும். மேலே டிக் டிக் என்ற சத்தம் சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, உள்ளே கறுப்புக் களிம்பு அப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் வண்டியை நிறுத்தியபடியே இருபது நிமிஷம் ஓடவிட்டு டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். ரேடியேட்டர் போதாத கார் இங்கே மாட்டிக்கொள்ளும். ரப்பர் பம்பர் வந்த பிந்தைய எம்ஜி பி-க்களில் வி8 சுலபமாக உட்காரும். உங்களுடையது 1972, குரோம் பம்பர். எங்கேயோ வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் சுத்தியலால் தட்டியிருப்பார்கள். ஸ்டியரிங் ஷாஃப்டை எக்ஸாஸ்ட் ஒட்டிக்கொண்டு போகிறதா, பானெட்டின் உள்பக்கம் உரசின தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மோட்டார்வேயில் 70 மைலில் ஓட்டும்போது எஞ்சின் கத்தினால், பின் ஆக்ஸிலில் 3.9 கியர் விகிதம் கொண்ட பழைய டிஃப்பை (டிஃப்பரென்ஷியல்) அப்படியே விட்டிருக்கலாம். கம்பெனி வி8-ல் இருந்தது 3.07. பிரேக்கையும் கேளுங்கள். கம்பெனி காரில் முன் டிஸ்க்கைத் தடிமனாக்கியிருந்தார்கள். இவர் என்ன செய்தார், ரசீது எங்கே?

காகித வேலைக்கு வருவோம். லாக்புக்கில் (வண்டியின் பதிவு ஆவணம்) இன்னும் 1798 சிசி என்றே இருந்தால், எஞ்சின் மாறியதை வண்டிகளைப் பதிவு செய்யும் டிவிஎல்ஏ-வுக்குச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அழ வேண்டிவரும். "40 வருஷம் ஆச்சு, எம்ஓடி (வருடாந்தர வண்டிப் பரிசோதனை) தேவையில்லை" என்பார். அந்த விலக்கு, கடந்த 30 ஆண்டில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்குத்தான். நாலு சிலிண்டர் எட்டாகியிருப்பதால் அதை நம்பாதீர்கள். எம்ஓடி கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்ட்தான். புதிதாக ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், தயங்கினால் காரணம் கேளுங்கள். பழைய எம்ஓடி விவரங்களை நம்பர் போட்டால் அரசுத் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

விற்பவர் வியாபாரியா, தனி ஆளா? வியாபாரி என்றால் 2015 நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். தனி ஆள் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்ன விவரணையோடு கார் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அதனால் விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். "பிரேக் அப்கிரேட் செய்தது" என்று அதில் இருந்தால் அந்த வரிதான் உங்கள் ஆதாரம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் 14,000-ஐப் பேரம் பேசி வாங்குங்கள். ரசீது ஒன்றும் இல்லையென்றால், அந்த 8,000 பவுண்ட் காரை வாங்கி அப்படியே ஓட்டுங்கள். அதில் ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நெடுந்தூர ஓட்டத்தில் உங்கள் பாதி ஆசை அதிலேயே தீரும்.

கேள்வி: டிரையம்ஃப் ஸ்டாக் (Stag) கார் ஒன்று பார்த்தேன். அதிலும் ரோவர் வி8-ஐ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நல்லதுதானே?

பதில்: இங்கே கணக்கு தலைகீழ். ஸ்டாக்குக்கு 2997 சிசி-யில் சொந்த வி8 உண்டு. அதில் வாட்டர் பம்ப் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பம்ப் காய்ந்து எஞ்சின் கொதித்துவிடும். வெறுத்துப்போய்த்தான் அந்தக் காலத்தில் பலர் ரோவர் எஞ்சினுக்கு மாறினார்கள். இன்று அந்த நோய்க்கு நல்ல ரேடியேட்டர், ஒழுங்கான பராமரிப்பு என்று மருந்து தெரிந்துவிட்டது. வாங்குகிறவர்கள் ஒரிஜினல் எஞ்சினைத்தான் தேடுகிறார்கள். ரோவர் போட்ட ஸ்டாக்கை வாங்கி ஓட்டுவதில் தப்பில்லை, ஆனால் ஒரிஜினல் விலையைக் கொடுக்காதீர்கள். பழைய எஞ்சின் ஷெட்டில் கிடக்கிறதா என்று கேளுங்கள், கிடந்தால் அதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள்.