முறுக்கு ஆர்டர்: நாலு பேர், ஒரே கடாய்

சகோதரி, தீபாவளி முறுக்கை நாலு பேரும் அவரவர் வீட்டில் முழுதாகச் செய்வதால் பதம் மாறுகிறது, பங்கிலும் சண்டை என்கிறீர்கள். ஒரே வீட்டுக்கு மாறி வேலையைப் பிரியுங்கள்.

வேகத்தை முடிவு செய்வது கடாய்தான். ஒரு ஈடு வேகும்போது அடுத்த ஈட்டுக்கு மட்டும் பிழியட்டும். முந்திக்கொண்டு தட்டுத் தட்டாகப் பிழிந்தால் காய்ந்து, எடுக்கும்போது உடையும். மாவும் அப்படியே: 4 கப் அரிசி மாவு, 1 கப் வறுத்த உளுந்து மாவு, 2 மேசைக்கரண்டி வெண்ணெய். அதற்கு மேல் ஒரே தடவையில் பிசையாதீர்கள். பிசைந்த மாவு நேரமானால் முறுக்கு சிவந்துவிடும். நன்றாக ஆறாமல் கட்டினால் நமத்துப்போகும், அதுவும் பினாங்கு ஈரக்காற்றில்!

பிழிந்த எண்ணிக்கைக்குக் கூலி வேண்டாம். பிழிபவர் ஓட்டுவார், சுடுபவர் திணறுவார். கட்டி முடிந்த கிலோவுக்கு இத்தனை ரிங்கிட் என்று பிரியுங்கள். அடுப்படியில் வேகிறவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், இல்லையேல் இரண்டு மணிக்கொருமுறை ஆள் மாற்றுங்கள்.

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் விவரித்த குண்டூசிப் பட்டறையில் 10 பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளுக்கு 48,000 ஊசி செய்தார்கள். வேலையை எவ்வளவு பிரிக்கலாம் என்பது சந்தையின் அளவைப் பொறுத்தது என்றவரும் அவரே. ஆகவே நாளுக்கு ஐந்து கிலோதான் ஆர்டர் என்றால் இரண்டு பேர் போதும்.