சாத்திய உலகங்கள் மெய்யாகவே உள்ளனவா?

கேள்வி: தத்துவக் கட்டுரைகளில் 'சாத்திய உலகங்கள்', அதாவது நடந்தவை வேறு விதமாக நடந்திருக்கக்கூடிய உலகங்கள், என்று வருகிறதே, அது பேச்சு வசதிக்கான கற்பனைதானா? அவை எங்கோ மெய்யாகவே இருப்பதாக எவரேனும் வாதிட்டிருக்கிறார்களா?

பதில்: வாதிட்டிருக்கிறார்கள். அவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தத்துவவாதி டேவிட் லூயிஸ். ஓர் உலகம் எந்தெந்த விதமாக இருந்திருக்கக்கூடுமோ அந்தந்த விதமான உலகம் ஒவ்வொன்றும் உண்டு என்றும், அங்குள்ள மண்ணும் மனிதரும் நம்மைப் போலவே மெய்யானவர்கள் என்றும் 1986இல் வெளிவந்த தம் நூலில் அவர் விரிவாக வாதிட்டார். 'எங்கோ' என்று கேட்டிருக்கிறீர்கள். லூயிஸின் கணக்கில் அவ்வுலகங்களுக்கும் நமக்கும் இடையே தொலைவு என்பதே கிடையாது, ஏனெனில் இடத்தாலோ காலத்தாலோ காரண காரியத்தாலோ அவை நம்மோடு தொடர்புடையவை அல்ல.

இவ்வளவு துணிச்சலான கொள்கை எதற்காக? 1968ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹியூபர்ட் ஹம்ப்ரி, நிக்சனிடம் சுமார் 5 லட்சம் வாக்குகளில் தோற்றார். 'ஹம்ப்ரி வென்றிருக்கலாம்' என்று சொன்னால் அது உண்மையே. ஆனால் நடக்காத வெற்றியைப் பற்றிய அந்த வாக்கியத்தை உண்மையாக்குவது எது? வேறோர் உலகில் ஹம்ப்ரியின் நிகர் ஒருவர், அதாவது அவரை மிக நெருக்கமாக ஒத்த வேறொருவர், வென்றிருப்பதுதான் என்பது லூயிஸின் விடை.

தம் நூலுக்கு முன்பே லூயிஸ் முன்வைத்திருந்த இந்த விடையை மறுத்தவர், அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கி. 1970இல் பிரின்ஸ்டனிலேயே அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் அச்சு வடிவில், தம்மை எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறொருவர் பெற்ற வெற்றி ஹம்ப்ரிக்கு ஒரு பொருட்டாகாது என்கிறார். சாத்திய உலகம் என்பது தொலைநோக்கியால் கண்டுபிடிக்கும் கோள் அன்று, 'ஹம்ப்ரி வென்றதாகக் கொள்வோம்' என்று நாமே வகுத்துக்கொள்ளும் நிலைமை என்பது அவர் கருத்து. அந்த நிகரின் வெற்றியால் 'வென்றிருக்கக்கூடியவர்' ஆவது இந்த ஹம்ப்ரியேதான் என்று லூயிஸ் பதிலளித்தார். தருக்கத்தில் பிழையில்லை, இருந்தும் அது என்னை நிறைவுபடுத்தவில்லை. தோற்றவர் வருந்துவது தம் கை நழுவிப்போன வாய்ப்பை எண்ணியேயன்றி, வேறோர் உலகத்தின் செய்தியை எண்ணி அல்லவே!

ஆனாலும் லூயிஸை எளிதில் தள்ளிவிட முடியாது. உலகங்கள் வெறும் வருணனைகளே, முரணற்ற வாக்கியத் தொகுதிகளே என்று கூறுவோர், எந்தத் தொகுதி முரணற்றது என்று கேட்டால், 'எல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்கக்கூடிய தொகுதி' என்கிறார்கள். விளக்க வந்த சாத்தியமே விளக்கத்துக்குள் திரும்ப நுழைந்துவிடுகிறது. நான் கிரிப்கியின் பக்கம் நிற்பவன். அப்படி நிற்பதால், சாத்தியம் என்பதை வேறொன்றாகப் பிரித்துக் காட்ட இயலாத அடிப்படைக் கருத்தாக ஏற்க நேர்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.