துனி ஆடிப் பழகிய கை, போக்கர் மேசையில்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 36. மெரீபேங்கில் இருக்கிறேன், ஷிஃப்ட் வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி டர்பனில் காசினோவுக்குப் போய் போக்கர் ஆடுவேன். 10, 20 ராண்டு பிளைண்ட் மேசை, அதாவது சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம் அது. 2,000 ராண்டுக்கு சிப்ஸ் (காசுக்குப் பதிலான வில்லைகள்) வாங்கிக்கொண்டு உட்காருவேன். வீட்டில் துனி என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன், சீட்டு எனக்குப் புதிது இல்லை. வீடியோ பார்த்து, படித்துத்தான் ஆடுகிறேன். போன தடவை ஏஸ் ஜோடி வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் 20 ராண்டு போட்டு உள்ளே வந்திருந்தார்கள். எல்லாரையும் மாட்டவைக்கலாம் என்று நானும் ஏற்றாமல் 20 மட்டும் போட்டேன். பிளைண்டில் இருந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஃப்ளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில், 9, 7, 2. நான் 100 போட்டேன். என் பெரியப்பா வயதுள்ள ஒருவர், எந்தச் சீட்டு வந்தாலும் சிரித்துக்கொண்டே கால் பண்ணுகிறவர் (எதிராளி போட்ட அளவையே போட்டு நிற்பவர்), அதை 300 ஆக்கினார். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் தள்ளினேன். அவர் கையில் 9-7. ‘இதை வைத்துக்கொண்டு யாராவது ஆடுவார்களா’ என்று கத்திவிட்டேன். அப்புறம் இன்னொரு 2,000 வாங்கினேன், முக்கால் மணி நேரத்தில் அதுவும் காலி. ஒழுங்காக ஆடுகிற நான் தோற்கிறேன், அவர் ஜெயிக்கிறார். எங்கே தப்பு? கோபத்தை எப்படி அடக்குவது? மனைவி நிறுத்தச் சொல்கிறாள். புரட்டாசியிலும் போனேன் என்பதில் அவளுக்குப் பெரிய வருத்தம். இது திறமை ஆட்டம்தானே? நம் தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவர் உலகப் போட்டியில் லட்சக்கணக்கான டாலர் ஜெயிக்கவில்லையா? கடைசியாக ஒன்று: ஆன்லைனில் ஒரு தளம், முதலில் கட்டும் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறது. அதில் ஆடலாமா?
— பெயர் வேண்டாம், மெரீபேங்க்

பதில்: தம்பி, அந்த ஏஸ் ஜோடியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஒழுங்காக ஆடித் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையை நீங்கள் ஒழுங்காக ஆடவில்லை.

ஏஸ் ஜோடியை ஒரே ஒருவருக்கு எதிராக, அவர் கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் சரி என்று வைத்து ஆடினால், நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரே இருவர் என்றால் 73. ஐந்து பேரை உள்ளே விட்டால் ஏறக்குறைய 49. அதாவது, உலகத்திலேயே நல்ல கையை வைத்துக்கொண்டு, ஜெயிப்பதைவிடத் தோற்க அதிக வாய்ப்புள்ள இடத்துக்கு நீங்களாகவே போய் உட்கார்ந்தீர்கள். மூன்று பேர் 20 போட்டிருந்தபோது நீங்கள் 150, 160 என்று ஏற்றியிருந்தால் பலர் சீட்டை வீசி விலகியிருப்பார்கள், 9-7 காரர் நின்றாலும் அந்தக் கைக்கு விலை கொடுத்திருப்பார். அவர் பிக் பிளைண்டில் (20 ராண்டை முன்பே போட்டாக வேண்டிய இடத்தில்) இருந்திருந்தாரானால் இன்னும் வேடிக்கை: ஒரு ராண்டு கூடச் சேர்த்துப் போடாமல் ஃப்ளாப்பைப் பார்த்திருக்கிறார். ‘இதை வைத்துக்கொண்டு யாராவது ஆடுவார்களா’ என்று நீங்கள் கேட்டதற்கு, இலவசமாகக் கிடைத்தால் எல்லாரும்தான் ஆடுவார்கள்.

அடுத்தது ஃப்ளாப். அங்கே உங்கள் 100 சரி. பெரியவர் 300 ஆக்கினார் பாருங்கள், அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெறும் கால் பண்ணிக்கொண்டே வந்த மனிதர் திடீரென்று ஏற்றினால் அவரிடம் சரக்கு இருக்கிறது. இது ரகசியம் இல்லை, எந்த ஊர் மேசையிலும் இதுதான் நிலவரம். நீங்களோ, 120 ராண்டில் தொடங்கிய பாட்டுக்காகக் (நடுவில் சேரும் பந்தயப் பணத்தைத்தான் பாட்டு என்கிறோம்) கையிலிருந்த மொத்தத்தையும் தள்ளினீர்கள். யோசித்துப் பாருங்கள்: அவ்வளவு பெரிய தள்ளலை யார் கால் பண்ணுவார்? உங்களைவிட மோசமான கை உள்ளவர் பெரும்பாலும் வீசிவிடுவார், உங்களை ஜெயித்துக்கொண்டிருப்பவர்தான் நிற்பார். அந்த நேரத்தில் 9-7க்கு எதிராக உங்கள் ஏஸ் ஜோடி தப்பிக்க வாய்ப்பு நாலில் ஒன்று. அதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை.

துனியைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. நேட்டாலில் நம் வீடுகளில் துனி ஆடாத கல்யாண வீடும் இல்லை, சாவு வீடும் இல்லை. துனி நல்ல ஞாபகசக்தியைக் கொடுக்கும், எதிராளியின் முகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் அது பழக்கும் சில விஷயங்கள் போக்கரில் காசைப் பிடுங்கிவிடும்.

துனியில் மொத்தமே 24 சீட்டு. நாலு பேருக்கு ஆறு ஆறாகப் பிரித்துப் போட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று எண்ணிக்கொண்டே வந்தால் கட்டு முழுவதும் 304. மூன்று சுற்று போனதும், மிச்சமுள்ள ஜாக் யாரிடம் என்று விவரமான ஆள் சொல்லிவிடுவார். எதிரே பார்ட்னர் வேறு இருக்கிறார், உங்கள் ஓட்டையை அவர் அடைப்பார் (மூக்கைச் சொறிந்து ஜாடை காட்டும் பார்ட்னர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்). முக்கியமாக, கை எவ்வளவு கேவலமாக இருந்தாலும் ஆறு சீட்டையும் போட்டே ஆக வேண்டும். எழுந்து போக வழியில்லை.

போக்கரில் 52 சீட்டு. ஃப்ளாப் விழுந்த பிறகும் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஐந்துதான், மிச்சம் 47 இருட்டில். பார்ட்னர் கிடையாது. ஆனால் துனியில் இல்லாத ஒரு உரிமை இருக்கிறது: பிடிக்காத கையை வீசிவிடலாம், பிளைண்டைத் தவிரக் காசு போகாது. துனி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உரிமையைப் பயன்படுத்தவே மனசு வராது. கையில் சீட்டு வந்தால் ஆட வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஊறிப்போனது. அதிலும் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்துவிட்டால் நம் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! துனியில் அது ராஜயோகம். போக்கரில், அதுவும் மேசையில் முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில், அது குப்பைக்குப் பக்கத்து வீடு.

ஒன்பது பேர் மேசையில் ஐந்து கைக்கு ஒன்று ஆடினால் உங்களுக்குப் போதும். டீலர் பொத்தான் உங்கள் முன்னால் இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம், ஏனென்றால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுகிறீர்கள். முன்னால் பேச வேண்டிய இடத்தில் இறுக்கிப் பிடியுங்கள். ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு போனால் மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப்பில் ஒரு ஜோடி கூடச் சேராது. இது தெரிந்தால் ‘பார்க்கலாமே’ என்று 20, 20 ஆகக் கரைப்பது குறையும்.

காசினோவில் மணிக்கு முப்பது கை வரும் என்று வையுங்கள். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் 150 கை. ஏஸ் ஜோடி வருவது சராசரியாக 221 கைக்கு ஒரு தடவை. ஆகவே பல சனிக்கிழமைகளில் அது வராமலேயே வீட்டுக்குப் போவீர்கள். அபூர்வமாக வருவதால்தான் அதை வைத்து ஏதோ பெரிய வித்தை காட்டத் தோன்றுகிறது. தேவையில்லை, ஏற்றுங்கள்.

அந்தப் பெரியவர் ஜெயிக்கிறார் என்கிறீர்கள். எத்தனை ராத்திரி பார்த்தீர்கள்? எந்தச் சீட்டையும் ஆடுபவர் ஜெயிக்கும் ராத்திரி எல்லார் கண்ணுக்கும் தெரியும், சிப்ஸ் மலையாகக் குவிந்திருக்கும். தோற்கும் ராத்திரிகளில் அவர் அமைதியாக எழுந்து போய்விடுவார், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு ராத்திரியின் 150 கையில் அதிர்ஷ்டம்தான் பேசும். அவரோடு ஆடும்போது செய்யக் கூடாதது ஒன்று: பிளஃப், அதாவது வெறும் கையோடு காசைப் போட்டு மிரட்டுவது. சீட்டை வீசத் தெரிந்தவரிடம்தான் பிளஃப் எடுபடும், இவர் வீச மாட்டார். நல்ல கை வந்தால் தயங்காமல் போட்டுக்கொண்டே போங்கள், அவர் கால் பண்ணுவார். அவரைத் திட்டவும் கூடாது. பெரியவர் என்ற மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. திட்டினால் ஒன்று அவர் வேறு மேசைக்குப் போவார், இல்லையென்றால் ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்வார். இரண்டும் உங்களுக்கு நஷ்டம். அடுத்த தடவை பார்த்தால் ஒரு சாரி சொல்லிவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது 2,000. முதல் 2,000-இல் உங்கள் தப்பும் கொஞ்சம், சீட்டின் தப்பும் கொஞ்சம். இரண்டாவது முழுக்க உங்களுடையது. ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று ஆரம்பித்த மனிதன் சீட்டைப் பார்த்து ஆடுவதில்லை, கடிகாரத்தைப் பார்த்து ஆடுகிறான். மேசை மூடுவதற்குள், வீட்டுக்குப் போவதற்குள் அந்தக் காசு திரும்பி வர வேண்டும் என்கிறது மனசு. போக்கர்காரர்கள் இதை டில்ட் என்கிறார்கள். மூச்சை இழுத்து விடு, பத்து வரை எண்ணு என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மேசையில் உட்கார்ந்துகொண்டே கோபத்தை அடக்கியவரை நான் பார்த்ததில்லை. எழுந்துவிடுங்கள். சிப்ஸ் அங்கேயே இருக்கட்டும், இருபது நிமிடம் வெளியே நடங்கள். திரும்பி வரும்போது ‘அந்தப் பெரியவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும்’ என்ற நினைப்பு இன்னும் இருந்தால் சிப்ஸை மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். இதைவிடச் சுலபமானது ஒன்று உண்டு: அன்றைக்குச் செலவழிக்கும் 2,000-ஐ நோட்டாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. புத்தி வேலை செய்யாத நேரத்திலும் இது வேலை செய்யும்.

பெரிய பாட்டை ஜெயித்த பிறகும் இதே கவனம் வேண்டும். ‘இது அவர்கள் காசுதானே’ என்று கை தளரும். உங்கள் முன்னால் இருந்தால் அது உங்கள் காசு.

ஒரு சின்னக் கணக்கையும் பழகிக்கொள்ளுங்கள். பாட்டில் 300 இருக்கிறது, எதிராளி 100 போடுகிறார். நீங்கள் 100 போட்டால் மொத்தம் 500. ஐந்தில் ஒரு தடவை ஜெயித்தால் அந்தக் கால் நஷ்டமில்லை. ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைகிறது, ரிவர் என்ற கடைசிப் பொதுச் சீட்டு மட்டும் பாக்கி என்றால் அது விழ வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. ஆக, மயிரிழை விவகாரம். அதே பாட்டில் அவர் 300 போட்டால் வீசுங்கள். கையைப் பிறகு திரும்பிப் பார்க்கும்போதும் இதைத்தான் கேட்க வேண்டும்: போட்ட நேரத்தில் கணக்கு சரியா? சீட்டு விழுந்ததா இல்லையா என்பது அதற்கு அப்புறம் நடந்த கதை.

திறமை ஆட்டம்தானே என்று கேட்டீர்கள். திறமை உண்டு, ஆனால் அது தெரிய ஆயிரக்கணக்கான கை வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு ராத்திரி ஆடுபவருக்கு அதற்கு வருஷங்கள் ஆகும். காசினோ உங்களுக்கு எதிராக ஆடுவதில்லை, ஆனால் பாட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எல்லாரும் சமமான திறமை என்றால் எல்லாரும் மெதுவாகத் தோற்பார்கள். நீங்கள் குறிப்பிட்டவர் ஜோஹன்னஸ்பர்க்கின் ரேமண்ட் ராமே. 2007இல் லாஸ் வேகாஸ் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் மூன்றாவது இடம், 30 லட்சம் டாலருக்கு மேல் பரிசு. உண்மைதான், பெருமையும்தான். அந்தப் போட்டியில் 6,358 பேர் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். அவர் போக்கரின் கணக்கைப் பற்றி உங்களோடு வாதம் செய்யவில்லை. 2,000 என்று சொல்லிவிட்டுப் போனவர் 4,000 தோற்றுவிட்டு வந்தால், அடுத்த தடவை எந்த எண்ணை நம்புவது என்று கேட்கிறார். ஒரு நோட்டில் தேதி, எடுத்துப் போனது, கொண்டு வந்தது மூன்றையும் எழுதி, அவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தால் பேச வேண்டியது அதிலேயே இருக்கும். புரட்டாசியில் ஒரு மாதம் கறியை விட முடிகிறவருக்கு இரண்டு சனிக்கிழமை சீட்டை விடுவது கஷ்டமா? கஷ்டமாக இருந்தது என்றால், அதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசினோவிலேயே உதவி எண் ஒட்டியிருப்பார்கள், நீங்களே எழுதிக்கொடுத்தால் உங்களை உள்ளே விடாதபடி தடை போட்டுக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆன்லைன் தளம் வேண்டாம். 2004ஆம் ஆண்டின் தேசிய சூதாட்டச் சட்டப்படி இங்கே ஆன்லைன் போக்கருக்கு உரிமம் கிடையாது. கிரிக்கெட், குதிரைப் பந்தயத்துக்கு உரிமம் பெற்று ஆன்லைனில் நடத்துகிறார்களே என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. நீங்கள் ஜெயித்து, அவர்கள் பணம் தரவில்லை என்றால் எந்தக் கதவையும் தட்ட முடியாது. தந்தாலும் அதைச் சட்டம் உங்கள் பணமாக ஏற்காது. இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பதற்கும் நிபந்தனை வைத்திருப்பார்கள், இவ்வளவு ஆடித் தீர்த்தால்தான் எடுக்க முடியும் என்று. கை அரித்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு வீட்டில் துனி போடுங்கள்.