தங்கை மகளை ஆலோசனைக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலைப் பாலையூற்றில். தங்கையின் மகளுக்கு 20 வயது, திருமணமாகவில்லை. இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அவளோடு பழகிய பையன் கட்டாரில் வேலை செய்கிறான். இப்போது தொலைபேசி எடுப்பதில்லை. கத்தோலிக்க ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப்போகும்படி ஓர் அருட்சகோதரி சொல்கிறார். போனால் பங்கு (எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்கள்) முழுவதற்கும் தெரிந்துவிடுமோ, ஏதாவது கட்டாயப்படுத்துவார்களோ என்று தங்கை பயப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: கூட்டிப்போங்கள். ஆனால் வைத்தியரைப் பார்த்த பிறகு. மாதவிடாய் தள்ளிப்போக வேறு காரணங்களும் உண்டு. ஃபார்மசியில் வாங்கிய சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தாலும் ஸ்கேன் வேண்டும். கருவின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தத் தேதி நினைவில் இல்லாவிட்டால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் நம்பத்தக்கது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஆலோசனையெல்லாம் பிறகு, உடனே பொது வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

இனி தங்கையின் பயம். காலைப் பூசையில் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் மீன் சந்தை வரை போய்விடும் ஊர் இது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் இலக்கம் அதற்கு விதிவிலக்கே வைக்கவில்லை. ஆலோசனை அறை அப்படியல்ல. எதிரே இருப்பவர் குருவாகவே இருந்தாலும் அந்த இரகசியக் கட்டுப்பாடு அங்கே தானாக வந்துவிடாது. குறிப்பு எழுதுவார்கள், கோப்பு திறப்பார்கள், சில நேரம் இன்னொரு சகோதரியிடமும் பேசுவார்கள். ஆகவே உட்கார்ந்தவுடன் கேளுங்கள்: இந்தக் கோப்பை யார் பார்ப்பார்கள்? பங்குத்தந்தைக்குச் சொல்வீர்களா? எங்களைக் கேட்காமல் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பீர்களா? நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். மழுப்பினால் முழுப்பெயரைச் சொல்லாமல் எழுந்து வாருங்கள்; வேறு பங்கில் உள்ள ஒருவரைத் தேடுவதில் குற்றமில்லை.

முதல் அரை மணி நேரமாவது அவளைத் தனியாகப் பேச விடுங்கள். பெரியம்மாவும் அம்மாவும் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். அது அவள் விருப்பத்துடன் நடந்ததா என்பதும் அந்தத் தனிமையில்தான் தெரியவரும். வற்புறுத்தல் இருந்திருந்தால் பெண்களுக்கான உதவித் தொலைபேசியான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கருக்கலைப்புக்கு அவர்கள் வழி காட்ட மாட்டார்கள். திருச்சபையின் நிலைப்பாடு அது, நல்ல நிலையம் அதை முதலிலேயே சொல்லிவிடும். இலங்கைச் சட்டமும் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அதை அனுமதிக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் விட்டுவைக்கவில்லை. மறைவாக விற்கும் மாத்திரையை அவள் ஏற்கனவே விழுங்கியிருந்தால், வைத்தியரிடம் மறைக்காதீர்கள். இரத்தப்போக்கையும் தொற்றையும் குணப்படுத்தும் வேலை வைத்தியசாலையுடையது. மனம் உறுத்தினால், அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நீடித்துத் தந்திருக்கிறார். ஆயர் வரை போக வேண்டியதில்லை.

கட்டாயம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் கொஞ்சம் கசக்கும். கட்டாயம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது. 'வயிறு தெரிய முன்னர் தாலி கட்டிவிடுவோம்' என்ற அவசரம்தான் அது. அச்சத்தினாலோ பலவந்தத்தினாலோ கொடுத்த சம்மதத்தில் நடக்கும் திருமணம் திருச்சபைச் சட்டப்படியே செல்லாது. 1103ஆம் இலக்கம் அது. கட்டாரிலிருந்து அவனை வரவழைத்தாலும், பிள்ளை பிறந்த பிறகு பேசுவோம் என்று தள்ளிவைக்கச் சொல்வேன்.

பிள்ளையை வளர்ப்பதானால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், திருமணம் ஆகாவிட்டாலும் தகப்பனிடம் பிள்ளைக்கான செலவை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். அவன் அனுப்பிய செய்திகள், பணம் வந்த பற்றுச்சீட்டுகள் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்; தகப்பன் அவன்தான் என்பதற்கு நீதவான் ஏற்கும் வலுவான சான்று அங்கே வேண்டும். ஆள் வெளிநாட்டில் இருப்பதால் இழுபடும், ஆயினும் வழி மூடப்படவில்லை. தாய்க்குத் திருமணம் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஞானஸ்நானத்தை மறுக்கவும் முடியாது.

வளர்க்க முடியாது என்று அவள் முடிவெடுத்தால், தத்துக் கொடுப்பது மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையோடு, நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாகவே நடக்க வேண்டும். 'நல்ல குடும்பம் ஒன்று காத்திருக்கிறது, செலவையும் அவர்களே பார்ப்பார்கள்' என்று யாராவது, அது சகோதரியாகவே இருக்கட்டும், காதோடு சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

எந்த முடிவானாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் (உங்கள் பகுதி அரச மருத்துவிச்சி) பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள். கிளினிக், போலிக் அமிலம், திரிபோஷா சத்துமா எல்லாம் இலவசம், மணமாகாதவளுக்கும் அதே உரிமை. அவர் உங்கள் ஒழுங்கையிலேயே குடியிருப்பவர் என்பதுதான் தயக்கம் என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நேரே போய் அங்கே பேசுங்கள்.